காணாமல் போன 6 மில்லிமீட்டர்

ரிவர்ஸ் கியர் போட்டபோது எழுந்த அந்தக் கரகரப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பல் கூசுகிறது. கிளட்ச் பெடலை அடிவரை மிதித்திருந்தேன். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றரை வருடம் நானே வெட்டி, பற்றவைத்து, பூட்டிய கார். அன்றுதான் முதன்முறையாகத் தன் சொந்த பலத்தில் கராஜை விட்டு வெளியே வர இருந்தது. கியர் கம்பியை இழுத்தேன், பற்கள் உரசின. விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். இம்முறை கியர் விழுந்தது. விழுந்த கணமே, பெடலில் இருந்து நான் காலை எடுக்காதபோதே, கார் பின்னால் நகரத் தொடங்கியது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். படம் எடுப்பதற்காக வாசலில் கைபேசியோடு நின்றிருந்த மகள், "ஏன் அப்பா நிறுத்திவிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"கிளட்ச் விடவில்லை அம்மா."

அந்த மூன்று சொற்களுக்குப் பின்னால் இருந்த காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் வீணான உழைப்பு. இதே இடத்தில் வேறு யாராவது மாட்டிக்கொண்டு நின்றால் அவர்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக்கு அருகே. இங்கே வீட்டுக் கராஜில் கார் கட்டுவது பழைய பழக்கம். 1957-இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற சிறிய இரட்டை இருக்கைக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் பலர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனம் அந்தக் காரின் உரிமையை லோட்டஸிடமிருந்து பெற்றுக்கொண்டது. சலுகை போனாலும் ஆசை போகவில்லை. 25 மி.மீ. சதுரக் குழாய்களைத் தாங்களே பற்றவைத்துச் சட்டகம் கட்டி, கழித்துக் கட்டிய ஒரு ஃபோர்டு காரிலிருந்து எஞ்சினையும் கியர்பெட்டியையும் எடுத்துப் பொருத்தி, அதே வடிவத்தில் கார் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

என் காருக்கு உறுப்புகளைத் தந்தது ஒரு ஃபோர்டு சியரா. 2 லிட்டர் பின்டோ எஞ்சின், டைப் 9 என்ற ஐந்து வேகக் கியர்பெட்டி. சியராவில் கிளட்ச் கேபிளால் இயங்கும். கேபிள் தளர்ந்தால் தானே இறுக்கிக்கொள்ளும் பல்சக்கரம் ஒன்று அதன் பெடலிலேயே இருக்கும். என் காரின் கால் வைக்கும் பள்ளம் இரண்டு ஷூக்கள் உரசிக்கொள்ளும் அளவுக்குக் குறுகலானது. சியராவின் பெடல் அதற்குள் நுழையாது. கேபிளைக் கொண்டுபோனால் புகைக்குழாயை ஒட்டிக் கூர்மையாக வளைக்க வேண்டியிருந்தது. ஆகவே கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் முறைக்கு மாறினேன். பெடலுக்கு முன்னால் 5/8 அங்குல, அதாவது 15.9 மி.மீ. விட்டமுள்ள, ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். கியர்பெட்டியின் பக்கத்தில், நானே செய்த தாங்கியில், 7/8 அங்குல, அதாவது 22.2 மி.மீ. விட்டமுள்ள, அந்த ஆயிலால் தள்ளப்படும் ஸ்லேவ் சிலிண்டர். ஸ்லேவின் கம்பி, கிளட்ச் ஃபோர்க் என்ற நெம்புகோலின் வெளி நுனியைத் தள்ளும். மாஸ்டரின் அளவை விற்றவர்கள்தான் சொன்னார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில்தான் பின்னால் வந்த தொல்லையின் பாதி இருக்கிறது.

கிளட்ச் செய்யும் வேலை எளியது. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பெட்டித் தண்டின் மேல் ஏறியிருக்கும் கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால், ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங் முன்னால் போய் பிரஷர் பிளேட்டின் விரல் போன்ற நாக்குகளை அழுத்துகிறது, பிடி தளர்கிறது, பிளேட் தனியாக நிற்கிறது. தளர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். அந்த இடைவெளி கிடைக்கவில்லை என்றால் பிளேட் உரசிக்கொண்டே சுழலும். முன்னோக்கிய கியர்களில், பற்கள் சேருமுன் இரு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்கள் அந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். டைப் 9 பெட்டியில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. அதனால் முதலில் உண்மையைச் சொல்வது ரிவர்ஸ்தான். ரிவர்ஸ் மட்டும் கரகரத்தால் கியர்பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது கிளட்ச் சொல்லும் செய்தி.

ஹைட்ராலிக் கிளட்ச் விடவில்லை என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஆயிலுக்குள் சிக்கிய காற்று. எனக்கும் அதுதான் தோன்றியது. மனைவி பெடலை மிதிக்க, நான் காருக்கு அடியில் படுத்து ஸ்லேவில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட, நான்கு மாலைகள் போயின. இரண்டரை லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்தது. நான்காம் நாள்தான் கவனித்தேன்: என் தாங்கியில் ஸ்லேவ் பொருந்தியிருந்த கோணத்தில் நிப்பிள் பக்கவாட்டில் இருந்தது. சிலிண்டரின் உச்சியில் ஒரு குமிழி சுகமாக உட்கார்ந்திருக்க, நான் அதற்குக் கீழேயிருந்து ஆயிலை வடித்துக்கொண்டிருந்தேன். ஸ்லேவைத் தாங்கியிலிருந்து கழற்றி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி திருப்பி, பிஸ்டனை முழுதும் உள்ளே அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி காற்றை எடுத்தோம். பெரிய குமிழி ஒன்று வந்தது. பெடல் கொஞ்சம் கெட்டியானது. ஆனால் ரிவர்ஸ் கரகரத்தது.

காற்றுதானா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். பெடலை ஒருமுறை மிதித்துக் கியர் போட்டுப் பாருங்கள். பிறகு ஐந்தாறு முறை வேகமாக மிதித்து, கடைசி மிதியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை கியர் சத்தமின்றி விழுந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அதேபோல் பெடலை ஒரு நிமிடம் அசையாமல் மிதித்துப் பிடிக்கும்போது ஃபோர்க் மெல்லப் பின்வாங்கினால், மாஸ்டரின் ரப்பர் சீல் ஆயிலைத் தாண்ட விடுகிறது. குமிழி போன பிறகு என் காரில் இரண்டுமே இல்லை. அத்தோடு காற்றை விட்டுவிட்டேன்.

அடுத்து செய்ததுதான் பெரிய தவறு. கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ என்ற சந்தேகம் ஓர் இரவில் முளைத்து, காலைக்குள் நம்பிக்கையாகிவிட்டது. எஞ்சின் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுத்து, இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து எஞ்சினை வெளியே எடுத்தேன். பிளேட் சரியாகத்தான் இருந்தது. 23 பற்கள் கொண்ட அதன் நடுத்துளை தண்டின் மேல் தடையின்றி வழுக்கியது. கிராங்க் நுனியில் கியர்பெட்டித் தண்டைத் தாங்கும் சிறிய ஊசி பேரிங்கும் நலமாக இருந்தது. அந்த பேரிங் இறுகினால் கிளட்ச் எவ்வளவு நன்றாக விட்டாலும் தண்டு எஞ்சினோடு இழுபடும் என்பதால் அதை மட்டும் மாற்றினேன்; விலை குறைவு, எட்டிப் பிடிக்கும் வாய்ப்போ அரிது. மற்றபடி குறை எதுவும் இல்லை.

எஞ்சினைத் திரும்ப இறக்கும்போதுதான் அந்தக் கீறலைப் பார்த்தேன். ஸ்லேவ் தாங்கியை 3 மி.மீ. தகட்டில் வளைத்துச் செய்து கறுப்பு வண்ணம் பூசியிருந்தேன். வளைவின் உட்புறத்தில், முடி கனத்தில், வண்ணம் நெடுக விரிசல் விட்டிருந்தது. ஓடாத காரில், யாரும் தொடாத தாங்கியில் வண்ணம் ஏன் விரிசல் விட வேண்டும்? தகடு மடங்கி நிமிர்ந்தால்தான் அப்படி ஆகும். நான் பெடலை மிதித்த ஒவ்வொரு முறையும் ஃபோர்க் முன்னால் போவதற்குப் பதிலாகத் தாங்கி பின்னால் வளைந்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை இந்தக் கிளட்சில் எதையுமே நான் அளக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்டகத்தைக் கட்டும்போது அரை மில்லிமீட்டருக்காக ஒரு குழாயை மூன்று முறை வெட்டியவன், கிளட்ச் விஷயத்தில் வெறும் ஊகத்தில் ஓடியிருக்கிறேன்.

அன்று மாலை மகளையும் இரும்பு ஸ்கேலையும் அழைத்துக்கொண்டேன். முதல் கேள்வி: பெடலை முழுதும் மிதித்தால் ஃபோர்க்கின் நுனி எவ்வளவு நகர்கிறது? அவள் உள்ளே உட்கார்ந்து மிதித்தாள், நான் அடியில் அளந்தேன். 8 மி.மீ. ஐந்து முறை அளந்தும் 8.

இரண்டாம் கேள்விதான் முக்கியமானது. பழுது பார்ப்பவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. கிளட்ச் விடுவதற்கு எவ்வளவு வேண்டும்? அதைப் பெடலிடம் கேட்கக் கூடாது, கிளட்சிடமே கேட்க வேண்டும். ஸ்லேவைக் கழற்றிவிட்டேன். காரின் பின்பக்கத்தை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, கைபிரேக்கை விடுவித்து, எஞ்சினை அணைத்த நிலையில் நான்காம் கியரில் போட்டேன். இந்தப் பெட்டியில் நான்காம் கியர் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் கொண்டது என்பதால் கையால் திருப்ப எளிது. நடுச் சுரங்கத்தின் மேல்மூடியைத் திறந்தால், கியர்பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கைக்கு எட்டும். நீண்ட கடப்பாரை ஒன்றை ஃபோர்க்கின் நுனியில் கொடுத்து நான் மெதுவாக நெம்ப, மகள் ஷாஃப்டைத் திருப்ப முயன்றாள். நெம்பும்போது விரல்கள், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் வாய்க்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடப்பாரை நழுவினால் அந்த விசை சும்மா விடாது.

"திரும்பவில்லை… திரும்பவில்லை… இப்போது திரும்புகிறது அப்பா!"

ஸ்கேலில் 11.5 மி.மீ.

அந்த எண்ணைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. கிளட்சுக்குள் எந்தக் கோளாறும் இல்லை, போதுமான தூரம் தள்ளினால் விடுகிறது. எஞ்சினை வெளியே எடுத்திருக்கவே வேண்டாம். 10 நிமிடச் சோதனை ஒன்று சிக்கலைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைத் தூர எறிந்துவிட்டது. பிளேட் சூடாகும்போது விரியும், நாளடைவில் தேய்மானங்களும் சேரும்; அவற்றுக்காக இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். தேவை 14, கிடைப்பது 8. காணாமல் போனது 6 மில்லிமீட்டர். இனி அந்த ஆறும் எங்கே போயின என்று தேடினால் போதும்.

காகிதத்தில் தொடங்கினேன். என் பெடல் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் கொண்டது. கால் 125 மி.மீ. போனால் மாஸ்டரின் புஷ் ராட் 25 மி.மீ. போகும். அதில் சுமார் 2 மி.மீ. வேலைக்கு ஆகாது. புஷ் ராட் பிஸ்டனைத் தொடும் முன் இருக்கும் சிறு தளர்வும், பிஸ்டன் நகர்ந்து ஆயில் திரும்பும் துளையை மூடும் தூரமும் அதில் போய்விடும். மிச்சம் 23. மாஸ்டரின் பரப்பு சுமார் 198 சதுர மி.மீ., ஸ்லேவின் பரப்பு 387. சிறிய சிலிண்டர் பெரிய சிலிண்டரைத் தள்ளும்போது விசை கூடும், தூரம் குறையும். 23-ஐ 198-ஆல் பெருக்கி 387-ஆல் வகுத்தால் 11.8. எதுவும் வளையாமல், எதுவும் கசியாமல், எல்லாம் கச்சிதமாக நடந்தாலும் எனக்குக் கிடைக்கக்கூடியது 11.8 மி.மீ. மட்டுமே. தேவையான 14-க்கு அது 2.2 குறைவு. விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிய அன்றே அந்த 2.2 போய்விட்டது. பள்ளிக்கூடக் கணக்கு இது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மீதி 3.8 வழியில் திருடு போயிருந்தது. திருடர்களை ஒவ்வொருவராகப் பிடித்தோம். சிறு அசைவையும் முள்ளால் காட்டும், காந்த அடித்தளம் கொண்ட டயல் கேஜை பெல் ஹவுசிங்கில் ஒட்டி அதன் முனையைத் தாங்கியின் மேல் வைத்து, மகளை மிதிக்கச் சொன்னேன். முள் 1.5 மி.மீ. ஓடியது. வண்ண விரிசல் பொய் சொல்லவில்லை.

பிறகு அதே கேஜை சட்டகக் குழாயில் ஒட்டி, மாஸ்டர் சிலிண்டர் பூட்டியிருக்கும் தகட்டின் மேல் முனையை வைத்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. 2.5 மி.மீ.! பெடல் பெட்டியே ஒவ்வொரு மிதிக்கும் முன்னால் குழிந்து திரும்பிக்கொண்டிருந்தது. வெறுங்கண்ணுக்கு அது தெரியவே இல்லை. கண் பெடலைப் பார்க்கும், கம்பியைப் பார்க்கும், அவற்றைத் தாங்கி நிற்கும் தகடு அசையும் என்று நினைக்காது. கை வைத்துப் பாருங்கள், மாஸ்டரின் அடிப்பாகத்தில் விரலை வைத்துக்கொண்டு வேறொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். கேஜ் இல்லாவிட்டாலும் விரல் சொல்லிவிடும். மாஸ்டர் பக்கத்து 2.5, ஸ்லேவ் பக்கம் வரும்போது சிலிண்டர் விகிதத்தில் சுருங்கி 1.3 ஆகிறது. அதையும் தாங்கியின் 1.5-ஐயும் கூட்டினால் 2.8.

கடைசி 1 மி.மீ. ரப்பர் குழாயில் போனது. பெடலை மிதிக்கும்போது குழாயை விரல்களால் பிடித்திருந்தால் அது விம்முவது தெரிந்தது. பழைய குழாய். போதாததற்குப் புகைக்குழாய்க்கு ஒரு சாண் தொலைவில்கூட இல்லை.

திருத்தும் வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மாஸ்டர் பூட்டியிருந்த 1.6 மி.மீ. தகட்டின் பின்னால் சதுரக் குழாய் ஒன்றைக் குறுக்கே பற்றவைத்து, 3 மி.மீ. பட்டையால் இரண்டையும் இணைத்தேன். ஸ்லேவ் தாங்கியை 6 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்து, வளைவின் உள்ளே முக்கோண முட்டு கொடுத்து, இரண்டு போல்ட்டுக்குப் பதில் மூன்று போல்ட்டில் நிறுத்தினேன். நிப்பிள் மேலே வரும்படி கோணத்தையும் மாற்றினேன். ரப்பர் குழாயின் இடத்தில் துருப்பிடிக்காத கம்பி பின்னிய குழாய் வந்தது. அதைப் புகைக்குழாயிலிருந்து விலக்கி, நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடும் வைத்தேன். ஆயிலும் புதியது. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தர விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அது இறங்கிக்கொண்டே வரும். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய புட்டியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வண்ணத்தின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; என் காரின் மூக்கில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது.

மறுபடி அளந்தோம். 11.4 மி.மீ.

ரிவர்ஸ் விழுந்தது. கரகரப்பு இல்லை. மகள் கை தட்டினாள். நானும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், தூங்கியிருக்கக் கூடாது. விடுவதற்கு 11.5 வேண்டும் என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம், 11.4-இல் கியர் விழுகிறது என்றால் அது விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். காருக்கு இன்னும் பதிவு எண் இல்லை, சாலையில் ஓட்ட முடியாது. அதனால் நண்பர் ஒருவரின் பண்ணைக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்த சிமெண்ட் தளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். முதல் 20 நிமிடம் ஆனந்தம். சுமார் 600 கிலோ எடைதான் என்பதால் கால் பட்டதும் பாய்ந்தது. எல்லாம் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தி ரிவர்ஸ் போட்டேன். கரகரப்பு திரும்பி வந்திருந்தது. கராஜின் குளிரில் செய்த சோதனையை மட்டும் நம்பக் கூடாது என்பதை அங்கேதான் கற்றேன். கிளட்ச் வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன் எஞ்சினும் கியர்பெட்டியும் முழுச் சூட்டில் இருக்கும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே, விலைப்பட்டியலில் தொலைத்த 2.2-ஐ விலைப்பட்டியலிலேயே மீட்க வேண்டியிருந்தது. 5/8 அங்குலத்துக்கு அடுத்த அளவாக எனக்குக் கிடைத்தது 0.70 அங்குலம், 17.8 மி.மீ. பரப்பு சுமார் 248. அதே 23 மி.மீ. ஓட்டத்துக்கு ஸ்லேவ் 14.7 மி.மீ. நகரும். இன்னும் பெரிய 3/4 அங்குலம் போட்டால் 17-ஐத் தொடும். ஆனால் தூரம் கூடும்போது பெடலின் கனமும் அதே விகிதத்தில் கூடும். 0.70-க்குக் கால் பங்கு கனம் ஏறும், 3/4-க்கு ஏறத்தாழ 44 சதவீதம். நெரிசலில் நின்று நின்று போகும் சாலையில் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். வேண்டிய அளவுக்கு மேல் தள்ளுவதும் நல்லதல்ல. பிரஷர் பிளேட்டின் நாக்குகள் எல்லை தாண்டி வளைந்தால் பிளேட்டின் நடுப்பகுதியில் உரசலாம், நிரந்தரமாக வளைந்தும் போகலாம். சிலர் 'பெரியதாகவே போட்டுவிடு, தொல்லை விட்டது' என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கணக்கு 14.7 என்று சொல்லும்போது 17-க்கு ஆசைப்பட ஒரு காரணமும் இல்லை.

புதிய மாஸ்டரைப் பூட்டும்போது புஷ் ராட்டின் தளர்வைக் கவனமாக வைத்தேன். பெடல் ஓய்வில் இருக்கும்போது புஷ் ராட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே கொஞ்சமாவது இடைவெளி இருக்க வேண்டும். தூரம் கிடைக்குமே என்ற ஆசையில் அதைப் பூஜ்யமாக்கினால் பிஸ்டன் முழுதும் பின்வராது, ஆயில் திரும்பும் துளை மூடியே நிற்கும். ஆயில் சூடாகி விரிந்தால் போக இடமின்றி ஸ்லேவைத் தானே தள்ளும், ஓடும்போதே கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஒரு கோளாறைத் தீர்க்கப் போய் அதற்கு நேர் எதிரான கோளாறை வாங்கிக்கொள்ளும் இடம் இது. என் காரில் அரை மில்லிமீட்டர் வைத்தேன். பெடலின் நுனியில் அது இரண்டரை மில்லிமீட்டராகத் தெரியும்.

அளந்தோம். 14.3. பெடல் அதற்கு மேல் போகாதபடி ஒரு போல்ட்டை நிறுத்தமாக வைத்து, ஃபோர்க் சரியாக 14-இல் நிற்கும்படி திருகிப் பூட்டினேன். மறுபடி பண்ணைக்குப் போய் ஒரு மணி நேரம் ஓட்டி, எஞ்சின் அனலாகக் கொதிக்கும்போது ரிவர்ஸ் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, வீட்டில் கட்டிய கார்களுக்கான தனி வாகன அனுமதிச் சோதனையில் தேறி, பதிவு எண் வந்தது.

அந்த எண்களை எல்லாம் எஞ்சின் அறையின் பின்சுவரில், வெள்ளை வண்ணப் பேனாவால், மகள் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள்: பெடல் 125, விடும் இடம் 11.5, முழு ஓட்டம் 14. காரைக் கட்டிய நாட்களில் எழுதிய எந்தக் குறிப்பும் இவ்வளவு பயன்பட்டதில்லை. அடுத்த ஆண்டே அதன் அருமை தெரிந்தது.

இங்கே குளிர்காலம் ஈரமானது. நவம்பரில் காரை மூடி வைத்தேன், மார்ச்சில் திறந்தேன். எஞ்சின் எழுந்தது. பெடலை மிதித்து ரிவர்ஸ் போட்டதும் பழைய கரகரப்பு, பழைய வலிமையோடு. ஒரு நொடி வயிறு கலங்கியது. பழைய நானாக இருந்தால் அன்றே பிரேக் ஆயில் வாங்க ஓடியிருப்பேன். எஞ்சினை அணைத்துவிட்டு மகளை அழைத்தேன். அவள் ஸ்கேலோடு அடியில் நுழைந்தாள், நான் மிதித்தேன்.

"14, அப்பா. கொஞ்சமும் குறையவில்லை."

அப்படியானால் பெடல், தகடு, தாங்கி, குழாய், இரண்டு சிலிண்டர்கள் எல்லாமே குற்றமற்றவை. பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, நான்காம் கியரில், பெடலை மிதித்தபடி ஷாஃப்டைத் திருப்பச் சொன்னேன். அசையவே இல்லை. ஊசி பேரிங் இறுகியிருந்தால் கனமாகவாவது அசைந்திருக்கும். இரும்புபோல நின்றால் பிளேட் பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு மாத ஈரத்தின் வேலை. காரைக் கீழே இறக்கி, பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, பெடல் மிதிபட்ட நிலையிலேயே இரவு முழுதும் விட்டோம். காலையில் கட்டையை எடுத்து, எஞ்சினை நியூட்ரலில் ஓட்டிச் சூடேற்றி அணைத்தேன். கராஜ் கதவை முழுதும் திறந்து, காரின் முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். நான்காம் கியரில் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் அடிவரை மிதித்து, கைபிரேக்கையும் இழுத்து, ஸ்டார்ட்டரை ஒரே ஒரு கணம் தட்டினேன். கார் உலுக்கி நின்றது. மீண்டும் ஒரு தட்டு. மூன்றாம் தட்டில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, எஞ்சின் தடையின்றிச் சுழலத் தொடங்கியது.

மகள் வாசலுக்கு ஓடிப்போய்க் கைபேசியை எடுத்துக்கொண்டு நின்றாள். ரிவர்ஸ் போட்டேன். சத்தமே இல்லை. காலை மெல்ல எடுத்தேன், கார் வெயிலுக்குள் பின்னால் நகர்ந்தது.